எடை குறைந்தபின் தொங்கிய வயிற்றுத் தோலை நீக்கிக்கொண்டேன்: மதுரை மருத்துவமனை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில், உடல் எடை பெருமளவு குறைந்தபின் வயிற்றில் தொங்கிய தோலை அறுவை செய்து நீக்கிக்கொண்டேன். அறுவை செய்த மருத்துவரை யாருக்கும் மனமாரப் பரிந்துரைப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நோயாளி வாசலைத் தாண்டிய பிறகு அந்த மருத்துவமனை காட்டும் அக்கறை மிகக் குறைவு. ராமநாதபுரம் கரையிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் குறைதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. குறை சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு 118 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, முழங்கால் வலி விட்டது, பாம்பன் பாலத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்காமல் திரும்ப முடிந்தது. தோல் மட்டும் எடையோடு சேர்ந்து குறையவில்லை. பல ஆண்டுகள் இழுபட்டுக் கிடந்த தோலில் அதைச் சுருங்க வைக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுவதால், உள்ளே கொழுப்பு கரைந்தாலும் மேல்தோல் பழைய அளவிலேயே நின்றுவிடுகிறது. உடற்பயிற்சி தசையை இறுக்கும், தோலை இறுக்காது. க்ரீமும் எண்ணெயும் அந்த இழைகளைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பெண்கள், தாங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்தப் பழியை அவர்கள் சுமக்கத் தேவையே இல்லை.

அழகுக்காக இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. அவர்கள் யாரும் அந்த மடிப்பைத் தூக்கிப் பார்த்ததில்லை. அடிவயிற்றுத் தோல் தொடைமேல் மடிந்து விழும்போது, இரண்டு தோல்களும் உராயும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். எங்கள் கரையில், காற்று ஓய்ந்து புழுக்கம் பிடிக்கும் மாலைகளில் வேர்வை காய்வதே இல்லை. முதலில் சிவக்கும், பிறகு படை பற்றும், சொறியச் சொறியத் தோல் உரிந்து நீர் கசியும், நாற்றம் எடுக்கும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து மடித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். மதிய இடைவேளையில் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பேன். ராமநாதபுரத்துத் தோல் மருத்துவர் தந்த மருந்தில் புண் ஆறும், மாத்திரை நின்றதும் மீண்டும் கிளம்பும். கடைசியில் அவரேதான், மடிப்பு இருக்கும்வரை மருந்து தற்காலிகம்தான் என்று சொல்லி, பிளாஸ்டிக் சர்ஜனிடம் போகச் சொன்னார்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் நான் கவனமாக இருந்தேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று பார்த்தேன். அழகியல் பயிற்சி மட்டும் பெற்று, அறுவை இல்லாமலே தோலை இறுக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள் மதுரையிலும் உண்டு. லேசாகத் தளர்ந்த தோலுக்கு அந்தக் கருவிகள் ஓரளவு உதவலாம், பிடித்துத் தூக்கும் அளவுக்குத் தொங்கும் தோலுக்கு உதவாது. என் மருத்துவர் எம்.சி.எச். படித்தவர். எடை குறைந்தவர்களுக்கு இதே அறுவையைத் தொடர்ந்து செய்துவருபவர். முகம் தெரியாத நோயாளிகளின் படங்களைக் காட்டியபோது, நன்றாக ஆறியவற்றோடு தையல் பிரிந்தவற்றையும் சேர்த்தே காட்டினார். அதைப் பார்த்த பிறகே இவரிடம் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் சந்திப்பிலேயே தேதி கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், அவர் கொடுக்கவில்லை. எடை பல மாதங்களாக ஒரே நிலையில் நிற்கிறதா என்பதற்குச் சான்று கேட்டார். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அறுத்தால் மீண்டும் தளரும். பிறகு ஏறினாலோ, கர்ப்பம் தரித்தாலோ செய்ததெல்லாம் இழுபட்டுப்போகும் என்று விளக்கினார். இனிக் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் பொறுத்திருப்பதே நல்லது என்பது அவர் கருத்து. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததும், இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றி 11-ஐத் தாண்டும்வரை அறுவை இல்லை என்று சொல்லிவிட்டார். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரும்பு, பி12, வைட்டமின் டி, புரதம் ஆகியவை குறைவது வழக்கம். அவை குறைந்திருந்தால் தையல் சரியாக ஆறாது. உடனே படுக்கையில் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்ள முடிந்திருந்தும் அவர் பொறுத்திருக்கச் சொன்னதை இந்த மருத்துவமனையின் முதல் சிறப்பாக நான் எழுதுகிறேன்.

என்ன செய்யப்போகிறார் என்பதையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். தொங்கும் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பது ஒரு வகை. அதோடு, விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, கீழே இழுத்த தோலில் புதிதாகத் துளையிட்டு அதன் வழியே தொப்புளை வெளியே எடுத்து வைப்பது இன்னொரு வகை. இடுப்பைச் சுற்றி முதுகுவரை வெட்டுவது அதைவிடப் பெரியது. எனக்கு இரண்டாம் வகை போதும் என்றார். தொங்கும் மேற்கைகளையும் அதே நாளில் செய்துவிட முடியுமா என்று கேட்டேன். “டீச்சர், கையையும் சேர்த்தால் மேசையில் கிடக்கும் நேரம் கூடும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டும் ஆபத்தும் கூடும். முதலில் வயிறு ஆறட்டும், கையைப் பிறகு பார்க்கலாம்” என்றார். வசதி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தைவிட்டு விலகிவிடுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை.

சேலை கட்டும் பெண்களுக்காக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவைக்கு வரும்போது வழக்கமாக உடுத்தும் உள்பாவாடையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அன்று காலை என்னை நிற்கவைத்து, பாவாடையை நான் எப்போதும் கட்டும் இடத்தில் கட்டச் சொல்லி, நாடா அழுத்தும் கோட்டை முதலில் நீல மார்க்கரால் வரைந்தார். வெட்டுக்கோடு அதற்கு நன்றாகக் கீழே வரும்படி, இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் இடையே இன்னொரு கோடு வரைந்தார். நாடாவும் தழும்பும் ஒரே இடத்தில் வந்தால் வாழ்நாள் முழுவதும் உராய்ந்துகொண்டே இருக்கும் என்று செவிலியரிடம் சொல்லிக்கொண்டே வரைந்தார். படுக்கவைத்தால் தோல் நகர்ந்துவிடும் என்பதால் நிற்கவைத்துத்தான் இந்தக் கோடுகளைப் போட வேண்டுமாம். இன்று நான் கட்டும் சேலைக்குக் கீழே தழும்பு எங்கேயும் உறுத்துவதில்லை. அந்தக் காலை நேரத்துப் பொறுமையைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்வேன்.

அறுவை முழு மயக்கத்தில் நடந்தது. வெட்டி எடுத்த தோலும் கொழுப்பும் மூன்று கிலோவுக்கு மேல் இருந்ததாகக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். கண் விழித்தபோது வயிற்றின் இரு பக்கமும், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ட்ரெய்ன் குழாய் ஒவ்வொன்று இருந்தது; கால்களில் இறுக்கமான காலுறை. மறுநாள் காலையிலேயே முதுகை வளைத்தபடி நடக்கவைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். நேராக நிமிர்ந்தால் தையல் இழுபடும் என்பதால், தலையையும் முழங்கால்களையும் தலையணை வைத்து உயர்த்தித்தான் படுக்க வேண்டியிருந்தது. வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தசையைத் தைத்த நடுவயிற்றில், இருமும்போது மட்டும் கடுமையாக இருந்தது. வார்டுச் செவிலியர்கள் தங்கமானவர்கள். ஒவ்வொரு வேளையும் குழாயில் சேர்ந்த நீரை அளவுக்குவளையில் ஊற்றி, நிறத்தையும் அளவையும் எழுதிவைத்ததோடு, “அக்கா, வீட்டுக்குப் போனா நீங்கதான் செய்யணும், கையைக் கழுவிட்டு வாங்க” என்று எனக்கும் பழக்கிவிட்டார்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் குழாயை எடுப்பார்கள்.

பில்லில் எனக்கு மனக்குறை உண்டு. முதலில் தந்த எஸ்டிமேட் 2,60,000 ரூபாய். டிஸ்சார்ஜ் அன்று அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 46,800 ரூபாய், சேர்ந்து வந்தது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து ஆகியவற்றால் பாதித்த உறுப்பைச் சீராக்கும் அறுவைக்கு வரி இல்லை. மற்ற அழகியல், பிளாஸ்டிக் அறுவைகளுக்கு வரி உண்டு என்பது சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. வரி உண்டு என்று தெரிந்தும் அதை எஸ்டிமேட்டிலேயே எழுதிக்காட்டாமல், நகையை அடகு வைத்துப் பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்த குடும்பத்திடம் கவுன்ட்டரில் வைத்துச் சொல்வது சரியல்ல.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் அறுவைக்குப் பணம் தந்த நிறுவனம் இதற்குத் தரவில்லை. நம் நாட்டு பாலிசிகளில் பொதுவாக உள்ள விதிவிலக்கின்படி, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் மட்டுமே பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடைக்கும். அதற்கும் சிகிச்சை தரும் மருத்துவர் அந்தத் தேவையைச் சான்றளிக்க வேண்டும். மடிப்புப் புண்ணுக்கு எடுத்த மருந்துச் சீட்டுகளையும் படங்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துவைத்து, முன் அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது ஒன்றே வழி. பணமே இல்லாதவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

இனி, நம் கரைக்காரர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் நூறு கிலோமீட்டருக்கு மேல்; மண்டபம் அதற்கும் அப்பால். வளைந்த வயிற்றோடு காரில் உட்கார்ந்து வரும்போது பரமக்குடியிலும் சத்திரக்குடியிலும் நிறுத்தி இறங்கி நடந்தேன். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் என்பது மருத்துவரின் எச்சரிக்கை. அதில் சிரமமில்லை. குழாய்களை எடுத்து ஊருக்கு வந்த பிறகு, தொப்புளுக்குக் கீழே மெத்தென்று வீங்கியது; கையால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரிந்தது. தோலைப் பிரித்தெடுத்த வெற்றிடத்தில் நீர் கோத்துக்கொள்வது இந்த அறுவையில் மிகச் சாதாரணமாக வரும் சிக்கல். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவைத்தால் சீழ் பிடிக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் 24 மணி நேர எண் என்று போட்டிருந்ததற்கு இரவில் அழைத்தேன். நெடுநேரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தவர், காலையில் ஓ.பி.க்கு வாருங்கள் என்றதோடு வைத்துவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அருகிலிருந்த மருத்துவரோ, அறுவை செய்தவர்களிடமே காட்டுங்கள் என்று கையை விரித்தார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல் யார்தான் ஊசி குத்துவார்கள்?

மறுநாள் மதுரையில் என் மருத்துவர் சில நிமிடங்களில் நீரை எடுத்துவிட்டார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. இரவு நடந்ததைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். தன் சொந்த எண்ணைக் கொடுத்தார்; ராமநாதபுரத்திலுள்ள பொது அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, செய்த அறுவையை விவரித்து, நீர் சேர்ந்தால் எப்படி எடுப்பது என்பதையும் கடிதமாக எழுதிக் கொடுத்தார். அதன்பின் மீண்டும் நீர் சேர்ந்தபோது ராமநாதபுரத்திலேயே முடிந்தது. இந்தக் கடிதம் டிஸ்சார்ஜ் தாளோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். ஒரு மருத்துவரின் நல்ல மனத்தால் கிடைத்ததை, தொலைவிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் நிர்வாகம் முறையாகத் தர வேண்டும். உங்கள் ஊர் மருத்துவர் ஒருவருக்கு அப்படியொரு கடிதத்தைக் கேட்டு வாங்காமல் அறுவைக்குத் தேதி குறிக்காதீர்கள். முடிந்தால் குழாய் எடுக்கும்வரையாவது மதுரையில் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

அறுவைக்குப் பின் ஆறு வாரம் போடச் சொன்ன இறுக்கமான பெல்ட் உடுப்பு, நீர் சேர்வதையும் வீக்கத்தையும் குறைக்கிறது. எங்கள் வெயிலில் அதை இரவும் பகலும் போட்டிருப்பது ஒரு தவம். அதனால்தான் கோடை விடுமுறை வரும்வரை காத்திருக்காமல் மார்கழியில் விடுப்பு எடுத்துச் செய்துகொண்டேன். உடுப்பு இரண்டாவது இருந்தால்தான் ஒன்றைத் துவைத்துக் காயவைக்க முடியும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் துவைத்தால் துணி விறைத்துப்போய், ஆறிவரும் தோலை அறுக்கிறது. குடிநீர் வரும் நாளில் பிடித்துவைத்த தண்ணீரில் துவைத்தேன். தண்ணீர்க் குடம் தூக்குவது, வண்டியில் குடங்களை வைத்துத் தள்ளுவது இரண்டுமே அந்த ஆறு வாரமும் கூடாது. தசையைத் தைத்திருப்பதால் இதில் சலுகையே இல்லை. வீட்டில் குடம் தூக்க வேறு ஆள் இருக்கிறார்களா என்று மருத்துவர் முன்கூட்டியே கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மீன் தின்றால் தையல் சீழ் பிடிக்கும் என்று உறவினர்கள் பத்தியம் வைக்க வந்தார்கள். புண் ஆறப் புரதம்தான் வேண்டும், மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று உணவு ஆலோசகர் எழுதியே கொடுத்திருந்தார். சிறிய இரைப்பையில் அதிகம் போகாது என்பதால், பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல் சுறாப்புட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டேன். கருவாட்டை மட்டும் உப்புக்காகத் தள்ளிவைத்தேன்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, “எப்ப மதினி தண்ணிக்குள்ள இறங்கலாம்?” என்று கேட்டாள். அவளுக்கும் இதே தொல்லை இருக்கிறது. அவளுக்காக மருத்துவரிடம் கேட்டுவந்தேன். தையல் முழுதும் மூடி, பொருக்கு உதிர்ந்து, எங்கேயும் கசிவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கடலில் கால் வைக்கவே கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் ஆறாத புண் வழியே புகுந்தால், சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம். அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுவதற்கும் இதே விதிதான். பாசி எடுப்பவர்களுக்கு அது கூலி இல்லாத காலம் என்பதால், அந்த மாதங்களுக்கான செலவையும் அறுவைச் செலவோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இப்போதைய நிலை இது. மடிப்பில் புண் என்பதே இல்லை. துணி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவது அடியோடு நின்றுவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை நீண்ட தழும்பு, இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கிறது. முழுதும் வெளுக்க ஓராண்டுக்கு மேலாகும் என்றார்கள். நம் தோல் நிறத்துக்குத் தழும்பு தடிக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சிலிக்கோன் ஜெல் தடவுகிறேன். தொப்புளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்திருக்கிறது. வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது என்று எச்சரித்திருக்கிறார்கள். வயிறு படங்களில் வருவதுபோல் தட்டையாகவும் இல்லை. இவற்றையெல்லாம் அறுவைக்கு முன்பே சொல்லியிருந்ததால் எனக்கு ஏமாற்றமில்லை. வேதனையிலிருந்து விடுபட்டேன் என்ற நிறைவு முழுதாக இருக்கிறது. மடிப்புப் புண்ணால் அவதிப்படும் யாரும் வெட்கப்பட்டு ஒதுங்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மேற்கைகளுக்கான அறுவையையும் அதே மருத்துவரிடமே செய்துகொள்ளப்போகிறேன். இந்த முறை எஸ்டிமேட்டை ஜி.எஸ்.டி.யோடு எழுதி வாங்கிக்கொண்டு, ராமநாதபுரத்து மருத்துவருக்கான கடிதத்தையும் முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டுதான் படுக்கையில் சேர்வேன் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன். சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.